ஜெயிலிலிருந்து வந்தவருக்கு ஓட்டு உண்டா?

உண்டு. சிறை வாசலைத் தாண்டிய அன்றைக்கே உண்டு. ஆயுள் தண்டனை முடித்து வந்தவருக்கும் உண்டு, மேல்முறையீடு நிலுவையில் இருக்க ஜாமீனில் வெளியே இருப்பவருக்கும் உண்டு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62(5) தடுப்பது உள்ளே அடைபட்டிருக்கும் காலத்தில் ஓட்டுப் போடுவதைத்தான். வெளியே வந்தபின் உரிமையைத் திருப்பித் தரச்சொல்லி யாருக்கும் மனுப் போட வேண்டியதில்லை.

"ஆறு வருஷம் கழிச்சு வாங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஆறு வருஷம் தேர்தலில் நிற்பதற்கான தடை. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்கு, விடுதலைக்குப் பிறகும் ஓடும். ஓட்டுப் போடவே ஆறு ஆண்டு தடை என்பது தேர்தல் லஞ்சம், ஆள்மாறாட்டம் மாதிரியான தேர்தல் குற்றங்களில் தண்டனை பெற்றவருக்கு மட்டும். அடிதடி, திருட்டு, கஞ்சா வழக்குக்கு அது பொருந்தாது.

உண்மையான சிக்கல் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. ஆள் உள்ளே இருக்கும்போது பி.எல்.ஓ., அதாவது பட்டியலைச் சரிபார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர், வீட்டுக்கு வருவார். 'இல்லை' என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். 'இடம் மாறியவர்' என்று குறித்துக்கொண்டு போவார், பெயர் போய்விடும். தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (எஸ்.ஐ.ஆர்.), கணக்கெடுப்புப் படிவம் திரும்பி வராதவர்களின் பெயர் வரைவுப் பட்டியலில் ஏறவே இல்லை. வீட்டிலிருந்த வயது வந்தவர் ஒருவர் அவருக்காகக் கையெழுத்திட்டிருந்தால் போதும். அதை எத்தனை வீட்டில் சொன்னார்களோ.

ஆகவே பர்ஸில் வாக்காளர் அட்டை இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அட்டை அடையாளத்துக்குத்தான், பட்டியலில் பெயர் இல்லையென்றால் அதை வைத்து ஓட்டுப் போட முடியாது. 1950 என்ற உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள், அல்லது தேர்தல் ஆணையத்தின் செயலியில் அட்டை எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6. பெயர் இருந்து வீடு மட்டும் மாறியிருந்தால் படிவம் 8. இரண்டையும் குழப்பினால் மனு தள்ளுபடியாகும், மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.

தாலுகா ஆபீஸ் தேர்தல் பிரிவில் விடுதலைச் சான்று, போலீஸ் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) என்று கேட்டால், எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படி ஒரு விதி இல்லை. போட்டோ, வயதுச் சான்று, முகவரிச் சான்று, இவ்வளவுதான். "இத்தனை வருஷம் இந்த ஊரிலேயே இல்லையே" என்பார்கள். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 20(2) இதற்காகவே இருக்கிறது: அடைபட்டிருந்த சிறை ஒருவருடைய வசிப்பிடம் ஆகாது. மனுவோடு ஒரு வெள்ளைத்தாளில் இந்தப் பிரிவு எண்ணை எழுதி இணைத்துவிடுங்கள்.

வீடே இல்லாமல் கோயில் வாசலிலோ பஸ் ஸ்டாண்டிலோ படுப்பவரிடம் முகவரிச் சான்று கேட்கக் கூடாது. படுக்கும் இடத்தைப் படிவத்தில் எழுதுங்கள், பி.எல்.ஓ. இரவில் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். வரமாட்டார், வரவைக்க வேண்டும்.

மனுவைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா திரும்பாதீர்கள். ஒப்புகைச் சீட்டு எண் இல்லாத மனு கொடுக்காத மனுதான். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று மனு விவரத்தை ஏழு நாள் ஒட்டி வைப்பார்கள். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது. தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடினால் பெரும்பாலும் பிந்திவிடும், இப்போதே போடுங்கள். நிராகரித்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு நகலைக் கேட்டு வாங்கினால்தான் அதைச் செய்ய முடியும்.

ஓட்டுப் போடும் நாளில் பூத் ஏஜென்ட் "இவர் ஜெயிலுக்குப் போனவர்" என்று தடுத்தால் பதறாதீர்கள். இரண்டு ரூபாய் கட்டி அவர் ஆட்சேபிக்கக்கூடியது ஒன்றே ஒன்றை: இந்தப் பெயருக்குரிய ஆள் நீங்கள்தானா என்பதை. அடையாள அட்டையை வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் நீட்டுங்கள்.