நடுத்தண்ணீரில் நிற்பது எப்படி?

"தண்ணிய உள்ள விட்டா முழுகும், வெளிய தள்ளுனா மெதக்கும். அது சரிப்பா. நடுவுல எப்பிடி நிக்கும்?"

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில், குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலின் வயிற்றுக்குள் நின்றுகொண்டு அம்மா கேட்டார். பின்னால் வரிசை நெருக்குகிறது. முன்னால் ஒரு வட்டக் கதவு. அதற்குள் முதலில் காலை விடுவதா தலையை விடுவதா என்று என் மகள் யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஆர்க்கிமிடிஸ், அடர்த்தி என்று அவசரமாக ஏதோ சொன்னேன். இருபது வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அம்மா "ம்" என்றார். அந்த "ம்" எனக்குத் தெரியும். குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர் அவர். ஈர இலைக்கு எடை கழிக்கும் கணக்குப்பிள்ளையிடம் தராசு முள்ளைக் காட்டித் தகராறு செய்யும்போதும் இதே "ம்"தான் முதலில் வரும்.

முதலில் கப்பலைப் பற்றி. சோவியத் நாட்டில் கட்டிய டீசல்-மின்சார நீர்மூழ்கி இது. 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்து, 1971 போரைப் பார்த்து, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. அடுத்த ஆண்டே கரையேற்றி அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். நீளம் 91 மீட்டர். வழிகாட்டிகளில் பலர் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர்கள்.

ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளும். இது பள்ளிப்பாடம். குர்சுரா மேலே மிதக்கும்போது அதன் எடை சுமார் 1,950 டன், மூழ்கியபின் சுமார் 2,475 டன். இடையில் உள்ள ஐந்நூற்றுச் சொச்சம் டன்னும் கடல்தண்ணீர்தான். அதைப் பிடித்துவைப்பவை பாலாஸ்ட் தொட்டிகள். வாளித் தண்ணீரில் டம்ளரைக் கவிழ்த்து அமுக்கினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும் இல்லையா? இந்தத் தொட்டிகளும் அப்படித்தான், அடியில் திறப்பு, மேலே வால்வு. வால்வைத் திறந்தால் காற்று மேல்வழியே ஓடும், தண்ணீர் கீழ்வழியே தானாக ஏறும். மூழ்குவதற்கு பம்பு கூட வேண்டாம்.

இந்தத் தொட்டிகள் ஆட்கள் இருக்கும் உட்கூட்டுக்கு வெளியே இருப்பவை. மூழ்கியபின் அவற்றுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர், இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். அதனால் வெளித்தகடு மெலிதாக இருந்தாலும் போதும். கடற்கரையில் நாம் செல்பி எடுப்பது இந்த மேல்சட்டையோடுதான். பாரம் முழுவதையும் தாங்குவது உள்ளே இருக்கும் உருளை.

எவ்வளவு பாரம்? குன்னூரிலிருந்து கிளம்பும்போது மகள் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடிப் பையில் போட்டிருந்தாள். (எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் பாட்டிலுக்குத் தடைதான். ஆனாலும் எந்த வீட்டுப் பரணில் ஒன்று இல்லை?) மேட்டுப்பாளையத்தில் எடுத்துப் பார்த்தால் யாரோ மிதித்தது போல ஒடுங்கிக் கிடந்தது. 1,850 மீட்டர் உயரத்தில் குன்னூரின் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம்; மேட்டுப்பாளையத்தில் 96. மலைப்பாதை முழுவதும் இறங்கியும் கூடியது கடல்மட்ட அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்கு அருகில்தான். தண்ணீரில் இதற்கு ஆள் உயரம் இறங்கினாலே போதும்! ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு முழு வளிமண்டல அழுத்தம் கூடும். 200 மீட்டர் ஆழத்தில், 60 செ.மீ. அகல மூடி ஒன்றின் மேல் மட்டும் 50 டன்னுக்கு மேல் அமுக்கும். அத்தனை எடைக்கு லோடு லாரிகளை ஒரு மேன்ஹோல் மூடிமேல் நிறுத்துவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். உண்மையான பதில்: நீர்மூழ்கி நடுவில் தானாக நிற்பதில்லை. பொதுவாக நிற்கவும் முடியாது.

இதைக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு பேனா மூடி போதும். மூடியில் ஓட்டை இருந்தால் மெழுகால் அடைத்து, வாய்ப்பக்கம் கொஞ்சம் களிமண் ஒட்டுங்கள். அதைத் தண்ணீர் நிறைந்த பாட்டிலில் வாய் கீழாகப் போட்டால், தலை மட்டும் தெரிய மிதக்க வேண்டும். பாட்டிலை மூடி அமுக்கினால் பேனா மூடிக்குள் இருக்கும் காற்றுக்குமிழி சுருங்கும், பேனா மூடி இறங்கும். விட்டால் ஏறும். இங்கே நிறுத்தாதீர்கள். அதைச் சரியாக நடுவில் நிறுத்திக் காட்டுங்கள் பார்ப்போம். நான் ஒரு மாலை முழுக்க முயன்றிருக்கிறேன். ஒரு மில்லிமீட்டர் கீழே போனாலும் அழுத்தம் கூடுகிறது, குமிழி இன்னும் சுருங்குகிறது, மூடி இன்னும் கீழே இழுபடுகிறது. மேலே போனால் நேர்மாறு. எந்தப் பக்கம் நழுவினாலும் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும் சமநிலை இது. கூம்பை முனையில் நிற்கவைப்பது மாதிரி.

இரும்பு நீர்மூழ்கிக்கும் இதே கதிதான். ஆழம் போகப்போக உட்கூடு கொஞ்சம் ஒடுங்கும். கடல்தண்ணீரும் ஒடுங்கும், ஆனால் கூடு அதைவிட அதிகமாக. ஒதுக்கும் தண்ணீர் குறைகிறது, கப்பல் கனக்கிறது, இன்னும் இறங்குகிறது. பாலாஸ்ட் தொட்டியைப் பாதி நிரப்பி நடுவில் நிற்கலாமே என்று மகள் கேட்டாள். கூடாது. பாதித் தொட்டிக்குள் இருக்கும் காற்று பேனா மூடியின் குமிழியேதான். அதனால் பெரிய தொட்டிகளை முழுதாக நிரப்பிவிடுவார்கள். நுண்ணிய கணக்கெல்லாம் உள்ளே இருக்கும் சிறு தொட்டிகளில்: கொஞ்சம் தண்ணீர் ஏற்று, கொஞ்சம் வெளியே தள்ளு, முன்தொட்டியிலிருந்து பின்தொட்டிக்கு மாற்று.

எவ்வளவு நுணுக்கம் என்று அம்மாவுக்கு அவர் பாஷையிலேயே சொன்னேன். 2,475 டன்னில் 100 கிலோ என்பது, 25 கிலோ இலை மூட்டையில் ஒரு கிராம். ஒன்றிரண்டு கொழுந்து. அந்தக் கொழுந்துக்கும் இந்தத் தராசு சாயும். டார்பிடோவை (நீருக்கடியில் பாயும் குண்டு) ஏவினால் அந்த எடைக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். டீசல் தீரத்தீரத் தொட்டியில் அதன் இடத்துக்குக் கடல்தண்ணீர் வரும். அது டீசலைவிடக் கனம், அதையும் கழிக்க வேண்டும். ஆட்கள் கூட்டமாக முன்பக்கம் போனால் மூக்கு சாயும். சாப்பாடு வேடிக்கையானது, தின்பதால் கப்பலின் எடை குறையாது, கழிவை வெளியே தள்ளும்போதுதான் குறையும்.

எனக்கு மிகவும் பிடித்தது உப்புக் கணக்கு. கங்கையும் கோதாவரியும் கொட்டும் வங்கக் கடலின் மேல்நீரில் உப்பு குறைவு. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு குறைந்த தண்ணீருக்குள் நுழைந்தாலே குர்சுரா அளவுள்ள கப்பல் ஏறக்குறைய 2 டன் கனத்துவிடும். யாரும் எதையும் ஏற்றவில்லை, தண்ணீர்தான் மாறியது. நேர்மாறாக, கீழே குளிர்ந்த, அடர்த்தியான நீரடுக்கு கிடைத்தால் மெத்தை மேல் உட்காருவது போல அதன்மேல் கொஞ்ச நேரம் அமரவும் முடியும்.

மற்ற நேரமெல்லாம் மெதுவாக ஓடிக்கொண்டே இருப்பதுதான் வழி. பக்கவாட்டுத் தகடுகளைச் சற்றே சாய்த்தால், பாயும் தண்ணீர் கப்பலைத் தூக்கும் அல்லது இறக்கும். அந்தத் தகடுகளைத் திருப்பும் சக்கரத்தைப் பிடித்திருப்பவர் மணிக்கணக்கில் ஆழமானியின் முள்ளையே பார்த்திருக்க வேண்டும். "அப்ப நிக்கல, நிக்க வெச்சுக்கிட்டே இருக்காங்க" என்றார் அம்மா. என் பாடத்தை இவ்வளவு சுருக்கமாக எந்த மாணவனும் திருப்பிச் சொன்னதில்லை.

மேலே வருவதும் அந்தத் தகடுகளால்தான் பெரும்பாலும். ஆழத்திலேயே தொட்டியைக் காற்றால் ஊதினால் என்ன? ஊதலாம், ஆனால் 200 மீட்டரில் ஒரே தொட்டிக்கு மேற்பரப்பைவிட இருபது மடங்குக்கு மேல் காற்று செலவாகும். சிலிண்டரில் இருப்பது அவ்வளவுதான். ஆபத்து என்றால்தான் அது.

ராமேஸ்வரத்தில் மிதக்கும் கல்லைப் பார்த்து அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டவர். அந்தக் கல்லுக்குள்ளும் நுண்துளைகளில் காற்றுதான். நம்பிக்கையோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஏன் மிதக்கிறது என்று அங்கே யாரும் கேட்க விடுவதில்லை என்பதில் வருத்தம் உண்டு. பள்ளியும் அப்படியொன்றும் ஒழுங்கில்லை: நான் வேலைபார்த்த ஓரிடத்தில் ஆய்வகப் பணத்தில் ஒரு வருடம் இரும்பு பீரோ வாங்கினார்கள். பேனா மூடிக்கு எவ்வளவு ஆகும்?

திரும்பும்போது மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் ஒரு வேலை செய்தோம். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பேனா மூடி மயிரிழையில் மூழ்கும்படி களிமண் கூட்டி, பாட்டிலை லேசாக அமுக்கியபடியே திருகி மூடினோம். பேனா மூடி அடியில் கிடந்தது. மகள் மடியில் பாட்டில், பக்கத்தில் அம்மா. குன்னூர் மலைப்பாதையில் கல்லாறு வரை ஒன்றுமில்லை. பர்லியாருக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வளைவில் பேருந்து குலுங்கியபோது பேனா மூடி மெல்ல எழும்பி மேலே போய் ஒட்டிக்கொண்டது. மகள் கத்திய கத்தலில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அமுக்கினால் இறங்கியது, விட்டால் ஏறியது. காட்டேரி தாண்டியதும் பாட்டில் விறைத்துவிட்டது. பேனா மூடியை இறக்க அம்மாவின் கையும் சேர்ந்து அமுக்க வேண்டியிருந்தது.