திட்டு விழுந்தால் கை ஏன் ஓடுவதில்லை?

என் அக்கா மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். போன கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் இருந்தபோது, ஒரு ராத்திரி ஹெட்செட்டைக் கழற்றி மெத்தையில் வீசிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நாலு பேர் ஸ்குவாடாக இறங்கிச் சுடும் ஆட்டம். மற்ற மூவரும் ரேண்டம், அதாவது முன்பின் தெரியாதவர்கள். இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே இவன் ஒரு தப்பு செய்துவிட்டான். உள்ளே எதிரி இருப்பதைக் கவனிக்காமல் கதவைத் திறந்து, கூட வந்தவனையும் சேர்த்து மாட்டிவிட்டான். அதற்கப்புறம் இருபது நிமிடம் அவன் காதில் வசவு மட்டும்தான். அம்மா, அக்கா, ஊர், சாதி எதையும் விட்டுவைக்கவில்லை.

"அவன் திட்டத் திட்ட எனக்குக் கையே ஓடல மாமா" என்றான்.

"விடுடா, காதுல வாங்காத" என்று சொன்னேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். பிறகு இது பற்றித் தேடிப் படித்தபோது, அந்த அறிவுரை உதவாது என்பதும், கை ஓடவில்லை என்று அவன் சொன்னது சாக்கு இல்லை என்பதும் புரிந்தது.

கை ஓடாமல் போவதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று மருத்துவமனையிலிருந்து வந்தது. இஸ்ரேலில், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் 24 குழுக்களை ஒரு பயிற்சிக்கு அழைத்தார்கள். குறைமாதக் குழந்தை ஒன்றின் நிலைமை திடீரென்று மோசமாகிறது, காரணத்தைக் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்ய வேண்டும். குழந்தை பொம்மைதான். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் கவனிக்கிறார் என்று சொன்னார்கள். சில குழுக்களிடம் அந்த நிபுணர் அவர்களை மட்டம்தட்டுகிற மாதிரி ஒன்றிரண்டு வார்த்தை பேசினார். மீதிப் பேரிடம் சாதாரணமாகப் பேசினார். 2015-ல் வெளியான முடிவு இதுதான்: மட்டம்தட்டப்பட்ட குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் தடுமாறின, கையால் செய்யும் வேலையிலும் தடுமாறின. ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவரிடம் சொல்வது குறைந்தது. உதவி கேட்பது குறைந்தது. வருடக்கணக்கில் பயிற்சி பெற்ற டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இந்தக் கதி என்றால், பதினைந்து வயதுப் பையனுக்கு எப்படிக் கை ஓடும்?

மனதுக்குள் நடப்பதை விளக்க ஜேம்ஸ் கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் வேலை உதவுகிறது. உணர்ச்சி ஒரே அடியாக வந்து விழுவதில்லை, படிப்படியாக வளர்கிறது என்கிறார் அவர். ஒரு சூழலுக்குள் போகிறோம், அதில் ஏதோ ஒன்றின் மீது கவனம் போகிறது, அதற்கு ஓர் அர்த்தம் கொடுக்கிறோம், கடைசியாகத்தான் நெஞ்சு படபடத்து முகம் சிவக்கிறது. எந்தப் படியிலும் தடுக்கலாம், ஆனால் கடைசிப் படியில் தடுப்பதற்கு விலை அதிகம். அருவருப்பான படக்காட்சியைப் பார்த்துக்கொண்டே முகத்தில் எதையும் காட்டாமல் அடக்கச் சொன்னபோது, மக்கள் வெளியே அமைதியாகத் தெரிந்தார்கள். உடம்புக்குள்ளோ பதற்றத்தின் அடையாளங்கள் கூடின. அப்படி அடக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் காதில் விழுந்த விவரங்கள் சரியாக நினைவில் தங்குவதும் இல்லை என்று அவருடைய பிந்தைய சோதனைகள் காட்டின. அடக்குவதே ஒரு வேலை. அந்த வேலையில் இருக்கும் மூளைக்கு மற்றதைப் பதிந்துகொள்ள இடம் போதாது.

"காதுல வாங்காத" என்று நான் சொன்னது அந்தக் கடைசிப் படியைத்தான். வசவு காதில் விழுந்துகொண்டே இருக்க, அவன் உள்ளே விழுங்கிக்கொண்டே எதிரியின் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று தேட வேண்டும். முடியாத காரியம். மியூட் செய்வது, அதாவது அவன் குரலே நமக்குக் கேட்காதபடி அணைத்துவிடுவது, இரண்டு படி முன்னால் போய், கவனம் என்ற இடத்திலேயே வெட்டுகிறது. விழுங்குவதற்கு எதுவும் வந்து சேர்வதே இல்லை. அதனால் பத்தாவது வசவுக்குப் பிறகு செய்வதைவிட முதல் வசவிலேயே செய்வது நல்லது.

மருமகன் உடனே மறுத்தான். மியூட் பண்ணினால் எதிரி எங்கே என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. அதற்குத்தான் மார்க் போடும் வசதி. 2019 பிப்ரவரியில் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற ஆட்டம் இதை மிக நன்றாகச் செய்தது. எதிரி, துப்பாக்கி, போக வேண்டிய இடம் எதுவானாலும் குறி வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் கூட்டாளிகளுக்குத் தெரிந்துவிடும். மைக்கே இல்லாமல் முழு ஆட்டமும் ஆடலாம். அப்புறம் இன்னொரு தயக்கம், "பயந்துட்டான்னு நினைப்பான்" என்பது. பெரும்பாலான ஆட்டங்களில் நீங்கள் மியூட் செய்தது அவனுக்குத் தெரியவே தெரியாது.

சரி, பதிலுக்கு நாலு வார்த்தை திட்டினால் மனசு ஆறாதா? ஆறாது. 2002-ல் பிராட் புஷ்மேன் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனையில், கோபமூட்டப்பட்டவர்களில் சிலர், தங்களைச் சீண்டியவனை நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். சிலர் எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம் இருந்தது.

இனி அந்தப் பக்கம். இருபது நிமிடம் ஒரு சின்னப் பையனைத் திட்டியவன் எப்படிப்பட்டவன்? நான் அவனை ஒரு ரவுடியாகத்தான் நினைத்துக்கொண்டேன். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கதையைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியது. பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் இந்த ஆட்டம் 2009-ல் வந்தது. வசவுக்குப் பேர்போனது. அதை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனம், நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்ற ஜெஃப்ரி லின் என்பவரை வைத்து ஒரு குழுவை அமைத்து, ஆட்டக்காரர்களின் நடத்தையை ஆராய்ந்தது. எப்போதும் மோசமாக நடப்பவர்கள் சுமார் 1 சதவீதம்தான் என்று தெரிந்தது. அவர்களைத் துரத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றுதானே தோன்றும்? ஆனால் மொத்த மோசமான நடத்தையில் அவர்களுடைய பங்கு சுமார் 5 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி, மற்ற நாட்களில் ஒழுங்காக ஆடுகிறவர்கள் ஏதோ ஒரு கெட்ட நாளில் கொட்டியது.

2017-ல் ஸ்டான்ஃபோர்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வேறு வழியில் பார்த்தார்கள். சிலருக்கு எளிய கணக்குகளும் சிலருக்குக் கடினமான கணக்குகளும் கொடுத்து மனநிலையை மாற்றினார்கள். பிறகு ஒரு செய்திக்குக் கருத்து எழுதச் சொன்னார்கள். நல்ல மனநிலையில் இருந்து, மேலே ஒழுங்கான கருத்துகளைப் பார்த்தவர்கள் எழுதியதில் 35 சதவீதம் வம்புக் கருத்து. மனநிலையும் கெட்டு, மேலே வம்புக் கருத்துகளையும் பார்த்தவர்களிடம் அது 68 சதவீதம். இரண்டு பக்கமும் சாதாரண மனிதர்கள்தான்.

முகம் தெரியாததும் சேர்ந்துகொள்கிறது. பெயர் தெரியாததால்தான் திட்டுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஹைஃபா பல்கலைக்கழகத்தில் 2012-ல் செய்த சோதனையில் பெயர் தெரிவது, உருவம் தெரிவது, கண்ணைப் பார்ப்பது மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். வசவைத் தூண்டியதில் முதல் இடம் கண்ணோடு கண் பார்க்காததற்குத்தான். எதிரே இருப்பவன் முகம் வாடுவதைப் பார்த்தால் வாய் நின்றுவிடுகிறது. ஹெட்செட்டில் அந்த முகம் இல்லை.

ஆட்டத்தை வடிவமைப்பவர்கள் நினைத்தால் இதில் நிறைய மாற்றலாம் என்பதையும் ரயட் காட்டியது. எதிரணியோடு பேசும் சாட் வசதியை ஒரு சமயம் இயல்பாகவே அணைத்து வைத்தார்கள். வேண்டுமென்பவர் அமைப்புக்குள் போய் ஆன் செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் மோசமான பேச்சு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, நல்ல பேச்சு ஏறக்குறைய 35 சதவீதம் கூடியது. "தப்பு செய்த கூட்டாளியைத் திட்டினால் அவர் இன்னும் மோசமாக ஆடுவார்" என்ற குறிப்பை ஆட்டத்தில் சிவப்பு எழுத்தில் காட்டியபோது கெட்ட வார்த்தை 11 சதவீதம் குறைந்தது. வெள்ளை எழுத்தில் அவ்வளவு பலன் இல்லை. தடை செய்யப்பட்டவரிடம் ஏன் தடை என்று விளக்கியபோது திருந்தியவர்கள் 50 சதவீதத்திலிருந்து 65 ஆனார்கள், அவர் பேசிய பேச்சையே ஆதாரமாகக் காட்டியபோது 70 ஆனார்கள். பலருக்குத் தாங்கள் செய்தது என்னவென்றே உறைத்திருக்கவில்லை!

பெண்கள் விஷயம் மட்டும் வேறு. ஹேலோ 3 ஆட்டத்தில், முன்பே பதிவு செய்த ஒரே வாக்கியங்களை ஆண் குரலிலும் பெண் குரலிலும் ஒலிக்கவிட்டு ஆடிப் பார்த்தார்கள். 2013-ல் வந்த அந்த ஆய்வில் பெண் குரலுக்கு மூன்று மடங்கு வசவு விழுந்தது. இரண்டு வருடம் கழித்து வந்த இன்னொரு ஆய்வு, அப்படி நடந்துகொண்டவர்கள் பெரும்பாலும் மோசமாக ஆடிய ஆண்கள் என்று காட்டியது. நன்றாக ஆடியவர்கள் பெண் குரலிடம் மரியாதையாகவே பேசினார்கள். இதனால் பல பெண்கள் மைக்கையே தொடுவதில்லை. "மியூட் பண்ணிடு" என்று அவர்களிடம் சொல்வது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தப்பு செய்தவன் பேசிக்கொண்டே இருக்க, இவள் வாயை மூட வேண்டியிருக்கிறது.

அதனால் மியூட்டோடு ரிப்போர்ட்டும், அதாவது ஆட்டத்தை நடத்துபவர்களிடம் புகாரும் வேண்டும். தமிழர்களுக்கு இது கூடுதல் அவசியம். கால் ஆஃப் டியூட்டி என்ற சுடும் ஆட்டம் 2023 ஆகஸ்டில் குரலைக் கேட்டு வசவைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைச் சேர்த்தபோது, அது ஆங்கிலத்தில்தான் தொடங்கியது. நம்மவர்கள் திட்டுவதோ தமிழும் ஆங்கிலமும் கலந்து, தட்டச்சு செய்தால் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். இப்படிக் கலந்து எழுதும் தமிழில் வசவை இயந்திரத்துக்குக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கென்றே 2021-ல் கணினி மொழியியலாளர்கள் ஒரு போட்டி நடத்தினார்கள். அந்த அளவுக்குக் கடினம். தானாகப் பிடித்துவிடும் என்று நம்பி இருக்காமல், ஆட்டம் முடிந்த கையோடு ரிப்போர்ட்டை அழுத்தி, சரியான காரணத்தைத் தேர்ந்தெடுங்கள்.

போன மாதம் மருமகன் போன் செய்தான். குரல் கம்மியிருந்தது. தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றானாம். மூன்றாவதில், அடிபட்டு விழுந்த இவனை ரிவைவ் பண்ண, அதாவது மறுபடி எழுப்ப வராத ஒரு பையனை இவனே வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டானாம். அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் வெளியேறிவிட்டான். "இன்னொரு மேட்ச் ஆடி ஜெயிச்சா சரியாயிடும்ல மாமா?"

அந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில் நான் குறித்துவைத்திருந்த ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. ஓர் இடத்தில் வம்பு செய்தவர் அடுத்து சம்பந்தமே இல்லாத இன்னோர் இடத்துக்குப் போனாலும் அதே கோபத்தைக் கொண்டுபோகிறார். இடைவெளி குறைவாக இருந்தால் அது அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறது, நேரம் போகப் போகத் தேய்கிறது. இப்போது அடுத்த மேட்சுக்குப் போகாதே என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

மணி பத்தரை. அவன் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. போய்ச் சாப்பிடு, அப்புறம் பேசலாம் என்றேன்.