கரையானின் கடிகாரம் பார்த்து வாழும் நம்பட்

கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகும் என்பார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்குக் காடுகளில் குடிபுகுவது நம்பட் என்ற சின்ன விலங்கு. அதுவும் புற்றுக்குள் அல்ல, கரையான் தின்று காலி செய்த மரத்துக்குள். குடியிருந்தால் மட்டும் பரவாயில்லை, வீட்டைக் குடைந்து கொடுத்த கரையானையே நாள் முழுக்கத் தின்கிறது!

நம்பட் நம் வீட்டு அணிலைவிடப் பெரியது, மலை அணிலைவிடச் சிறியது. அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை. செம்பழுப்பு உடல், முதுகின் குறுக்கே வெள்ளைப் பட்டைகள், கண் வழியாக ஓடும் ஒரு கறுப்புக் கோடு. கங்காரு போலப் பைப்பாலூட்டி இனம்தான், ஆனால் இதற்குப் பை கிடையாது. பிறந்த குட்டிகள் நான்கும் தாயின் முலைக்காம்பைக் கவ்வியபடி வயிற்று ரோமத்துக்குள் தொங்கிக்கொண்டே வளர வேண்டியதுதான்.

பெர்த் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 170 கிலோமீட்டரில் டிரையாண்ட்ரா காடு இருக்கிறது. சுற்றிலும் கோதுமை வயல், நடுவில் வாண்டூ மரங்கள். வாண்டூ, ஊட்டிப் பக்கம் நாம் பார்க்கும் தைல மரத்தின் உறவு. கட்டை இரும்பு மாதிரி. ஆனாலும் கரையான் உள்ளே புகுந்து நடுவைத் தின்றுவிடும். மரமோ வெளிச்சுற்றை வைத்துக்கொண்டு உயிரோடு நிற்கும். அப்புறம் ஒருநாள் கிளை ஒடிந்து விழும்போது தரையில் ஒரு குழாய் தயார். நம்பட் நுழையலாம், நரி நுழைய முடியாது. கட்டை கெட்டி என்பதால் சீக்கிரம் மக்கியும் போகாது.

சாப்பாட்டு விஷயம் இன்னும் சுவையானது. நம் ஊர்க் கரடி புற்றைப் பிளந்து கரையானை உறிஞ்சும். நம்பட்டின் நகங்களுக்கு அந்த வலு இல்லை. எனவே கரையான் தானாக மேலே வரும் நேரத்துக்குக் காத்திருக்கிறது. இரை தேடக் கரையான்கள் மண்ணுக்குச் சற்றே கீழே சுரங்கப் பாதைகள் போடும். மண் குளிர்ந்தாலும் கொதித்தாலும் ஆழத்துக்கு இறங்கிவிடும். அதனால் குளிர்காலத்தில் நம்பட் வெயில் ஏறியபின் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடுகிறது. கோடையில் காலையிலும் பிற்பகல் கடைசியிலும்தான் வெளியே வரும், உச்சிவெயிலில் ஓய்வு. பெரும்பாலான பைப்பாலூட்டிகள் இரவில் நடமாட, நம்பட் பகலில் அலையக் காரணம் இதுதான்.

மூக்கைத் தரையோடு வைத்து மோப்பம் பிடிக்கும். ஓரிடத்தில் நின்று முன்னங்காலால் சின்னக் குழி பறிக்கும். சுமார் 10 சென்டிமீட்டர் நீள நாக்கு உள்ளே போகும், வரும், போகும். சட்டென்று பின்னங்காலில் எழுந்து நின்று சுற்றிலும் பார்க்கும், மறுபடி குனியும். ஒரு நாளைக்கு 20,000 கரையான் வரை உள்ளே போகிறது. வாயில் சுமார் 50 பற்கள் இருந்தும் மெல்லும் வேலை அனேகமாக இல்லை, எல்லாம் சின்னஞ்சிறு முளைகள். தண்ணீர்கூடத் தனியாகத் தேட வேண்டாம், கரையானிலிருக்கும் ஈரமே போதும்.

ராத்திரி வளைக்குள். துரத்திக்கொண்டு எது வந்தாலும் தடித்த தோலுள்ள தன் பின்புறத்தாலேயே வளையை அடைத்துக்கொள்ளும்.

இத்தனை இருந்தும், பகலில் திரியும் பிராணியைப் பிடிப்பது ஐரோப்பியர்கள் வேட்டைக்காகக் கொண்டுவந்த செந்நரிக்குச் சுலபமாக இருந்தது. அதற்கு மாற்று அந்தக் காட்டுச் செடிகளிலேயே கிடைத்தது. காஸ்ட்ரோலோபியம் என்ற செடிகளில் ஃபுளூரோஅசிட்டேட் என்ற நஞ்சு உண்டு. உடல் அதை உணவென்று நம்பி செல்லுக்குள் எடுத்துக்கொள்ளும், அங்கே ஆற்றல் தயாரிக்கும் சுழற்சி அடைபட்டுப்போகும். தலைமுறை தலைமுறையாக அந்தச் செடிகளோடு வாழ்ந்த உள்ளூர் விலங்குகள் பலவற்றுக்கு அந்த நஞ்சைத் தாங்கும் சக்தி உண்டு. வெளியூர் நரிக்கு இல்லை. அதே நஞ்சு கலந்த இறைச்சித் துண்டுகளைக் காட்டில் போட்டதும் நரிகள் குறைந்தன, நம்பட் பெருகியது.

அப்புறம் பூனை வந்து நின்றது. வீட்டை விட்டுக் காட்டில் பெருகிய பூனைகள் உயிரோடு ஓடுகிற இரையையே விரும்புவதால், கீழே கிடக்கும் இறைச்சித் துண்டை நரி போல அவ்வளவு எளிதில் தொடுவதில்லை.