உப்பளம் விடுவதைக் குடுவை பிடிக்கும்

ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் உப்பளத்தில் வெயில் நீரைக் கொண்டுபோய் உப்பை விட்டுவைக்கிறது. ஆய்வகத்தில் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும்போது நமக்கு வேண்டியது காற்றோடு போகும் அந்த நீர்தான். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, அது ஆவியாகாது. ஆகவே ஒரே வடிப்பில் நல்ல நீர் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால், கொதிக்கவைத்த விதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆவி வெளியேறப் பக்கக்குழாய் உள்ள 500 மி.லி. உருண்டைக் குடுவையில் 250 மி.லி. கடல்நீர் போதும். அடுப்பு மூட்டும் முன்பே மெருகு பூசாத பீங்கான் சில்லு மூன்று நான்கு போடுங்கள். வழவழப்பான கண்ணாடியில் குமிழி பிறக்க இடமில்லை. நீர் கொதிநிலையைத் தாண்டியும் அசையாமல் சூடேறும். திடீரென ஒரே குமிழியாய் வெடித்து, உப்புநீரைப் பக்கக்குழாய்க்குள் வீசிவிடும். சில்லின் நுண்துளைக் காற்று குமிழிகளைச் சிறிது சிறிதாக எழுப்பும். போட மறந்திருந்தால், நீர் நன்றாக ஆறிய பிறகே போட வேண்டும். சூட்டோடு போட்டால் மொத்தமும் பொங்கி மேலே வரும். ஒருமுறை கொதித்து ஆறிய சில்லின் துளைகளில் நீர் புகுந்திருக்கும். மறுமுறைக்குப் புதுச் சில்லுதான்.

தெர்மாமீட்டர் குமிழின் மேல்விளிம்பு பக்கக்குழாயின் கீழ்விளிம்புக்கு நேராக நிற்கட்டும். உயர்ந்தால் ஆவி படாமல் குறைத்துக் காட்டும். குடுவையில் உப்பு செறியச் செறியக் கொதிநிலை ஒன்றரை டிகிரி வரை ஏறினாலும், சரியாக வைத்த தெர்மாமீட்டர் 100 டிகிரியிலேயே நிற்கும். அதன் மேல் படிந்து சொட்டுவது தூயநீர். சரியாக 100 காட்டுவது கடல்மட்டத்தில் இருப்பதால் கிடைக்கும் வசதி.

ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் குழாய்தான் கண்டென்சர். குளிர்நீர் அதன் வெளி உறையின் கீழ்முனையில் நுழைந்து மேல்முனையில் வெளியேற வேண்டும். மாறினால் உறை நிரம்பாது. தண்ணீர் அருமையான ஊரில் குழாயைத் திறந்துவிட மனம் வராது. வாளிநீரையே சிறு மோட்டாரால் சுற்றவிட்டால் போதும்: 150 மி.லி. நீராகும் அளவு ஆவி குளிர்ந்தால் வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ 340 கிலோஜூல். 10 லிட்டர் வாளிநீர் அதனால் 8 டிகிரிதான் சூடாகும். சித்திரை வெயிலில் கொஞ்சம் ஐஸ் போட்டுக்கொள்ளலாம். சேகரிக்கும் பக்கம் எங்காவது திறந்திருக்க வேண்டும். முழுதும் அடைத்துக் காய்ச்சினால் குடுவை வெடிக்கும்.

நொடிக்கு ஒன்றிரண்டு சொட்டு விழுமாறு தணலை வையுங்கள். கரைந்த வாயுக்கள் வரும் முதல் 10 மி.லி.யைக் கொட்டிவிடலாம். 150 மி.லி. சேர்ந்ததும் நிறுத்துங்கள். வற்றவிட்டால் மக்னீசியம் குளோரைடு சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆவியோடு வரும். காய்ந்த குடுவையும் விரிசல் விடும்.

வடித்த நீரில் ஒரு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலமும் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட்டும் விட்டுப் பாருங்கள். தெளிவாகவே இருந்தால் குளோரைடு வரவில்லை. பால்போல் வெளுத்தால், எங்கோ உப்புநீர் துள்ளித் தெறித்திருக்கிறது. கண்டென்சரைக் கழுவிவிட்டுப் புதுச் சில்லோடு மறுபடி வடிக்க வேண்டும்.