சில்லி: மிளகாயும் அதே ஒலியில் வரும் மற்றவையும்

தமிழில் ‘சில்லி’ என்று மட்டும் எழுதிவிட்டுப் பக்கத்தில் வேறு சொல் எதுவும் வைக்காவிட்டால், படிப்பவர் எதை நினைப்பார் என்று சொல்ல முடியாது. மிளகாயை நினைக்கலாம், சில்லி சிக்கனை நினைக்கலாம். கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் மட்டையாளருக்கு மிக அருகில் குனிந்து நிற்கும் ‘சில்லி பாயிண்ட்’ ஆட்டக்காரரை நினைப்பார். ‘வெளியே ரொம்ப சில்லியா இருக்கு’ என்பவர் குளிரைச் சொல்கிறார். ‘சில்லியா பேசாதே’ என்பவர் அசட்டுத்தனத்தைச் சொல்கிறார். ஒரு ‘ல்’ குறைந்தால் தென் அமெரிக்காவில் ஒரு நாடே வந்துவிடும்.

ஆங்கிலத்தில் மிளகாய்க்கும் குளிருக்கும் ஒலி ஒன்றுதான், ஆனால் எழுத்து வேறு. அசட்டுத்தனத்துக்கு ஒலியும் வேறு, எழுத்தும் வேறு. தமிழில் எழுதும்போது எல்லாவற்றுக்கும் இருப்பது ஒரே ‘சி’ என்பதால் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பெரிய கதை மிளகாயுடையது, அதிலிருந்தே தொடங்கலாம்.

இந்தச் சொல்லின் பிறப்பிடம் மெக்சிகோ. அஸ்தெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் இந்தக் காய்க்குப் பெயர் ‘சீல்லி’. அதில் ‘சீல்’ என்பதுதான் வேர், கடைசியில் உள்ள ‘லி’ அந்த மொழியில் பெயர்ச்சொற்களோடு ஒட்டிக்கொள்ளும் விகுதி. சிவப்பு நிறத்துக்கு அங்கே ‘சீசீல்டிக்’ என்று பெயர், அதுவும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஸ்பானியர்கள் இதை ‘சிலே’ என்று தங்கள் மொழிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய் ‘சில்லி’ ஆனது. புகையில் உலர்த்திய மிளகாயைக் குறிக்கும் ‘சிபோட்லே’யில் முதலில் இருப்பது இந்தச் சீல், பின்னால் இருப்பது புகையைக் குறிக்கும் சொல். ‘என்சிலாடா’ என்றால் மிளகாய் சேர்த்தது என்று பொருள்.

ஆங்கிலத்தில் இதை எப்படி எழுதுவது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. இந்தியாவிலும் பிரிட்டனிலும் இரண்டு ‘எல்’ போடுவார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரு ‘எல்’லோடு நிறுத்துவார்கள். மிளகாய்க்குப் பேர்போன நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஸ்பானிய முறைப்படி கடைசியில் ‘ஈ’ எழுத்து வர வேண்டும் என்பார்கள். அந்த மாநில செனட்டர் பீட் டொமனிச்சி 1983-இல் இந்த எழுத்துமுறைதான் சரி என்று அமெரிக்க நாடாளுமன்ற ஆவணத்தில் பதிய வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

இனி நம் ‘மிளகாய்’க்கு வருவோம். கொலம்பஸ் தேடிப் போனது மிளகை. கரீபியத் தீவுகளில் அவருக்குக் கிடைத்தது மிளகாய். அங்குள்ள தைனோ மக்கள் அதை ‘அஹி’ என்றார்கள். 1493 ஜனவரி 15 நாட்குறிப்பில், இது இவர்களுடைய மிளகு, நம் மிளகைவிட மேலானது என்று அவர் எழுதி வைத்தார். இரண்டும் செடியளவில் தூரத்து உறவுகூட இல்லை. மிளகு கொடியில் காய்ப்பது. மிளகாய் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்குக் குடும்பம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது நாக்கைச் சுடும் குணம் மட்டும்தான். அந்த ஒன்றை வைத்து மிளகின் பெயரைப் புதுக் காய்க்கும் வைத்துவிட்டார்கள். இன்றும் ஆங்கிலத்தில் இரண்டுமே ‘பெப்பர்’தான்.

அந்தப் ‘பெப்பர்’கூட முதலில் மிளகின் சொந்தப் பெயர் இல்லை என்பதுதான் வேடிக்கை. அதன் மூலம் வடமொழியில் திப்பிலியைக் குறிக்கும் ‘பிப்பலி’. அது கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போய், திப்பிலியை விட்டு மிளகைப் பிடித்து, கடைசியில் மிளகாயையும் பிடித்துக்கொண்டது. ஒரே பெயர் மூன்று செடிகளுக்குக் கைமாறியிருக்கிறது. இந்தோனேசியாவிலும் இப்படி ஒன்று நடந்தது. ‘சபே’ என்றால் அங்கே முன்பு ஜாவாத் திப்பிலி. மிளகாய் வந்ததும் பெயர் அதற்குப் போய்விட்டது, பழைய திப்பிலி இப்போது ‘சபே ஜாவா’ என்று அடைமொழியோடு வாழ்கிறது. தாய்லாந்தில் ‘ப்ரிக்’ என்பது மிளகின் பெயர். இன்றைக்கு ‘ப்ரிக்’ என்றாலே மிளகாய், மிளகு வேண்டுமென்றால் ‘ப்ரிக் தாய்’ என்று கேட்க வேண்டும். வந்தவன் வீட்டுக்காரன் ஆன கதை.

மலையாளத்திலும் இதே கதைதான். ‘முளகு’ என்று மட்டும் சொன்னால் இன்று அது மிளகாய். மிளகுக்குக் ‘குருமுளகு’, ‘நல்லமுளகு’ என்று முன்னால் ஒன்று சேர்க்க வேண்டும். மிளகாய் கடல் வழியாக வந்ததை நினைவில் வைத்த ‘கப்பல்முளகு’ என்ற பெயரும் அங்கே உண்டு. கன்னியாகுமரிப் பக்கத் தமிழில் வழங்கும் ‘நல்லமிளகு’ இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி.

மற்ற இடத்துத் தமிழ் கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொண்டது. மிளகை மிளகாகவே விட்டுவிட்டு, புதிதாக வந்ததற்குப் பின்னால் ‘காய்’ சேர்த்தது. தெலுங்கின் ‘மிரபகாய’, கன்னடத்தின் ‘மெணசினகாயி’ இரண்டும் இதே முறையில் ஆனவைதான். போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரையில் கொண்டுவந்து இறக்கிய ஒரு காய்க்கு, அதை முன்பின் பார்த்திராத மக்கள் இட்ட பெயர் இவ்வளவு தெளிவாக அமைந்திருக்கிறது: மிளகு போல உறைக்கும், ஆனால் காய்.

மிளகுக்கே தமிழில் இன்னொரு பழைய பெயர் உண்டு, ‘கறி’. முசிறித் துறைக்கு யவனர் கப்பல்கள் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிறது அகநானூறு 149ஆம் பாட்டு. அங்கே கறி என்றால் மிளகு. அந்தக் கறியோடு காய் சேர்ந்திருந்தால் நம் மிளகாய் இன்று ‘கறிக்காய்’ ஆகியிருக்கும், காய்கறிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் திண்டாடியிருப்போம்.

‘மிளகு’, ‘காய்’ இரண்டும் சேரும்போது இலக்கணப்படி எதிர்பார்ப்பது ‘மிளகுக்காய்’. வாயில் புழங்கிப் புழங்கி நடுவில் உள்ளது தேய்ந்து ‘மிளகாய்’ ஆகிவிட்டது. பேச்சில் அது ‘மொளகா’. பிள்ளை ‘புள்ள’ ஆனதும், மிளகு ‘மொளகு’ ஆனதும் ஒரே வழியில்தான். முன்னால் இதழ் கூட்டிச் சொல்லும் எழுத்து, பின்னால் நாக்கை வளைக்கும் ள, நடுவில் இகரம் அகப்பட்டால் உ அல்லது ஒ பக்கம் சாய்ந்துவிடும். ஆங்கிலேயர்கள் மிளகுத் தண்ணீரைக் கேட்டு ‘மல்லிகடானி’ என்று எழுதி வைத்ததும் இந்தப் பேச்சு வடிவத்தைக் காதால் கேட்டுத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாங்காய் பழுத்தால் மாம்பழம். வாழைக்காய் பழுத்தால் வாழைப்பழம். காய் போய்ப் பழம் வந்து உட்கார்ந்துவிடும். மிளகாய் பழுத்தால் மட்டும் ‘மிளகாய்ப்பழம்’, அதாவது காயும் போகாமல் பழமும் வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘மிளகுப்பழம்’ என்று சொல்லியிருந்தால் அது மிளகுக் கொடியில் பழுப்பதற்குப் போய்விடும். எனவே காயை விட முடியவில்லை. இந்தச் சொல்லில் காய் என்பது பருவத்தைக் குறிப்பதை நிறுத்திவிட்டு, பெயரின் ஒரு உறுப்பாகவே மாறிவிட்டது.

மிளகாயின் நிலையைச் சொல்லும் சொற்களில் தமிழ் ஆங்கிலத்தைவிடத் துல்லியமானது. ‘ரெட் சில்லி’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் அது செடியில் பழுத்துச் சிவந்ததாகவும் இருக்கலாம், வெயிலில் காய்ந்ததாகவும் இருக்கலாம். அதை அப்படியே ‘சிவப்பு மிளகாய்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே மொழிபெயர்க்கிறார்கள். நம்மிடம் பழுத்த மிளகாய் வேறு, காய்ந்த மிளகாய் வேறு. காய்ந்ததற்கு இடத்துக்கு இடம் பெயரும் உண்டு: கொங்கில் வரமிளகாய், தெற்கே மிளகாய் வற்றல், ஈழத்தில் செத்தல் மிளகாய். ஈழத்தில் கொச்சிக்காய் என்ற பெயரும் வழங்குகிறது. எந்தப் பெயரை எழுதினாலும் தமிழ் வாசகருக்குப் புரியும். ‘சிவப்பு மிளகாய்’ மட்டும்தான் யாரையும் ஒரு நொடி யோசிக்க வைக்கும்.

‘கேப்சிகம்’ கதை இதைவிட வேடிக்கை. தாவரவியலில் கேப்சிகம் என்பது மிளகாய்ப் பேரினம் முழுவதற்குமான பெயர், ஊசி மிளகாயும் அதில் அடக்கம். நாக்கைச் சுடும் வேதிப்பொருளுக்கு ‘கேப்சைசின்’ என்ற பெயர் வந்ததே இந்தக் கேப்சிகத்திலிருந்துதான். ஆனால் இந்தியாவில் கேப்சிகம் என்றால் குடைமிளகாய், அதாவது அந்தப் பேரினத்திலேயே கேப்சைசின் இல்லாத ஒன்று. குடைமிளகாய் என்பது அழகான சொல். அது இருக்கும்போது கேப்சிகம் எதற்கு என்று தெரியவில்லை.

உறைப்பைச் சொல்லும் சொல்லிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் சூட்டுக்கும் காரத்துக்கும் ‘ஹாட்’ என்ற ஒரே சொல். நாம் சூடு வேறு, காரம் வேறு என்று வைத்திருக்கிறோம். அறுசுவைக் கணக்கில் இது கார்ப்பு, உறைப்பு என்றும் சொல்வார்கள். நரம்புக்கு மட்டும் இந்தப் பிரிவினை தெரியாது. கொதிக்கும் பொருள் பட்டால் சுடுகிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் அதே புரதம் கேப்சைசின் பட்டாலும் அதே செய்தியைத்தான் அனுப்புகிறது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் விழிக்கும் இந்தப் புரதத்தை 1997-இல் கண்டறிந்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ். மருத்துவத்துக்கான 2021 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவரில் அவர் ஒருவர்.

சரி, மற்ற சில்லிகள். குளிரைச் சொல்லும் ‘சில்லி’ பழைய ஆங்கிலச் சொல், ‘கூல்’, ‘கோல்ட்’ ஆகியவற்றின் உறவு. மிளகாய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தமிழில் ‘சில்லென்று காற்று வீசியது’, ‘கை கால் சில்லிட்டது’ என்கிறோமே, அதோடும் தொடர்பில்லை. நம்முடையது ஒலிக்குறிப்பிலிருந்து வந்தது. சொற்கள் தற்செயலாக ஒத்துப்போவதற்கு இது நல்ல சான்று, இதை வைத்து ஆங்கிலத்துக்குத் தாய் தமிழ் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. ‘சில்லென்று’ இருக்கும்போது ‘சில்லியாக’ இருக்கிறது என்று சொல்லத் தேவையும் இல்லை.

அசட்டுத்தனத்தைச் சொல்லும் ‘சில்லி’யின் பழைய பொருள் ‘பேறு பெற்றவர்’. பேறு பெற்றவர் வெகுளியாகி, வெகுளி பாவப்பட்டவராகி, கடைசியில் அசடாகிவிட்டார். பந்து சீறி வரும் இடத்தில் போய் நிற்பது அசட்டுத் துணிச்சல் என்பதால்தான் அந்த ஆட்டக்காரர் ‘சில்லி பாயிண்ட்’ ஆனார். கிரிக்கெட் சொல்லாக அது அப்படியே இருக்கட்டும். மற்ற இடங்களில் ‘அசட்டுத்தனமான’ என்றால் போதும்.

சிலி நாட்டின் பெயரும் மிளகாயிலிருந்து வந்ததில்லை. நாட்டின் வடிவம் நீண்ட மிளகாய் போல இருப்பதால் அப்படித் தோன்றும். ‘நிலம் முடியும் இடம்’ என்று பொருள்படும் ஐமரா மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பது பலரும் சொல்லும் விளக்கம். சிலி மக்கள் மிளகாயை ‘சிலே’ என்று சொல்வதும் இல்லை. அவர்களுக்கு அது ‘அஹி’.

எஞ்சியிருப்பது தட்டில் வரும் சில்லி. அமெரிக்காவில் ‘சில்லி’ என்றால் ஒரு உணவு. முழுப்பெயர் ‘சில்லி கான் கார்னே’, ஸ்பானிய மொழியில் இறைச்சியோடு மிளகாய் என்று பொருள். டெக்சஸின் சான் அன்டோனியோ சதுக்கங்களில் இரவில் இதை விற்ற பெண்களைச் ‘சில்லி ராணிகள்’ என்றே அழைத்தார்கள். 1977-இல் டெக்சஸ் இதைத் தன் அதிகாரபூர்வ மாநில உணவாக்கியது. அதில் பீன்ஸ் போடலாமா கூடாதா என்று அங்கே பெரிய சண்டை, டெக்சஸ்காரர்கள் கூடாது என்பார்கள். இந்த உணவை மிளகாய் என்று மொழிபெயர்த்தால் ‘அவன் ஒரு கிண்ணம் மிளகாய் சாப்பிட்டான்’ என்று வந்து நிற்கும். சில்லி என்றே விட்டுவிட்டு, முதல் தடவை மட்டும் ‘மிளகாய் சேர்த்த இறைச்சிக் குழம்பு’ என்று ஒரு விளக்கம் கொடுப்பது மேல். சில்லி சிக்கனும் அப்படித்தான். அது மிளகாய் போட்ட கோழி என்பதைவிட சோயா சாஸில் புரட்டி எடுக்கும் ஒரு செய்முறையின் பெயர். ‘மிளகாய்க் கோழி’ என்று எழுதினால் வேறு ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்வார்கள்.

மொழிபெயர்ப்பில் உண்மையிலேயே ஆபத்தானது ‘சில்லி பவுடர்’. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் அது வெறும் மிளகாய்த்தூள் கிடையாது. சீரகம், பூண்டு, ஆரிகனோ எல்லாம் கலந்த மசாலா, அதில் உள்ள மிளகாயும் காரம் குறைந்த வகை. அதனால்தான் தயங்காமல் இரண்டு மூன்று மேசைக்கரண்டி போடச் சொல்வார்கள். அதை ‘மிளகாய்த்தூள்’ என்று மாற்றி அதே அளவை எழுதினால், செய்து பார்த்தவர் வாயில் வைக்க முடியாது. ‘சில்லி மசாலாத்தூள்’ என்று எழுதி, என்னென்ன கலந்தது என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். அது கிடைக்காதவர்கள் மிளகாய்த்தூளைக் கால் பங்காகக் குறைத்துக்கொண்டு, சீரகத்தூளைத் தனியாகச் சேர்க்கலாம்.