புல்வெளிக்காக நடந்த போர்

எல்லைக் காவல் என்றால் நீண்ட மதிலும் அதன் மேல் ஈட்டிக்காரர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். 12-ஆம் நூற்றாண்டில் துருக்கியரின் சூறையாடலைச் சமாளித்த பைசாந்தியப் பேரரசுக்கு (கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசு) அப்படியொரு மதில் உதவியிருக்காது. வந்தவர்கள் வாளோடு மட்டும் வரவில்லை. ஆட்டு மந்தையையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

அனத்தோலியாவின், அதாவது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியின், நடுப்பகுதி சுமார் 1,000 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலம். குளிர்காலத்தில் புல் பனிக்கடியில் போய்விடும். ஆகவே துருக்மென் இடையர்கள் மேற்கே ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கு இறங்குவார்கள். வெயில் ஏறியதும் திரும்புவார்கள். கோடை மேய்ச்சலிடம் யய்லாக், குளிர்காலத்தது கிஷ்லாக். பள்ளத்தாக்கிலோ கிரேக்க உழவரின் கோதுமை வயல். ஆடு வயலுக்குள் நுழையும், ஆள் தொழுவத்துக்குள் நுழைவான். தலைநகரிலிருந்து படை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

பைசாந்தியப் பேரரசர் மானுவேல் கொம்னேனோஸ் பெர்கமோன், கிலியாரா, அத்ராமித்தியோன் ஊர்களுக்கு மதில் கட்டினார். சுற்றுப்புறத்தில் சிறு கோட்டைகளையும் எழுப்பினார். அந்த வட்டாரத்தின் பெயர் நியோகாஸ்ட்ரா. தமிழில் சொன்னால் புதுக்கோட்டைகள்! எதிரி வருகிறான் என்றால் குடிமக்கள் மாடுகன்றோடு உள்ளே போய்விடலாம். கொள்ளைக்கு எதுவும் அகப்படாது. அகப்பட்டாலும், ஓட்டிச் செல்லும் கால்நடை அவன் வேகத்தைக் குறைக்கும். திரும்பும் வழியில் மலைக் கணவாயில் மடக்கலாம். அரபுப் படைகளோடு மோதிய 10-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைக்கப்பட்ட உத்தி இது.

1175-இல் மானுவேல் ஒரு படி மேலே போனார். இன்றைய எஸ்கிஷெஹிர் அருகே, மந்தைகள் மேய்ந்த தோரிலேயோன் சமவெளியில், பாழடைந்த கோட்டையைத் திரும்பக் கட்டினார். பேரரசரே தோளில் கல் சுமந்தாராம். மறு ஆண்டு மிரியோகெஃபலோன் போரில் அவரை வென்ற செல்ஜுக் துருக்கிய சுல்தான் இரண்டாம் கிலிஜ் அர்ஸ்லான் வைத்த நிபந்தனையைப் பாருங்கள்: தோரிலேயோனையும், அதேபோல் மானுவேல் திரும்பக் கட்டிய சூப்லையோன் கோட்டையையும் இடிக்க வேண்டும். எங்கே வலித்தது என்பது அதிலேயே தெரிகிறது. சூப்லையோனை மானுவேல் இடித்தார், தோரிலேயோனைத் தொடவில்லை.

கல்லைவிட ஆள்தான் சிக்கல். 13-ஆம் நூற்றாண்டில் மலை எல்லையைக் காத்தவர்களுக்கு வரி கிடையாது. நிலமும் கொள்ளைப் பொருளும் அவர்களைச் செழிக்க வைத்தன. சிலுவைப் போர்ப் படையிடம் பறிபோயிருந்த தலைநகர் கான்ஸ்டான்டினோபிள் 1261-இல் மீண்டும் கைக்கு வந்த பின், பேரரசர் எட்டாம் மிகயேலின் அதிகாரி ஒருவர் அவர்களின் சொத்தைக் கணக்கெடுத்தார். ஆளுக்கு 40 பொற்காசை விட்டுவிட்டு, மிச்ச வருவாயைக் கருவூலத்துக்குத் திருப்பினார். காவலர்கள் சோர்ந்தார்கள். சிலர் துருக்கியர் பக்கமே போய்ச் சேர்ந்தார்கள்.