தட்டில் சாகும் கிருமி புண்ணில் சாகுமா?

போன மாதம் மாமா ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருந்தார். தவளைத் தோலில் இருந்து எடுத்த மருந்தாம். எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிருமியையும் ஐந்தே நிமிடத்தில் கொன்றுவிடுமாம். கூடவே, "நீ இதுலதானே வேலை பாக்குற? நம்ம ஊர்ல கிடைக்குமா மாப்ள?" என்று கேட்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண், மூன்று மாதமாக ஆறவில்லை.

அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்திருந்தால் பதில் சொல்வது சுலபம். ஆனால் தவளைக் கதையில் உண்மையும் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப் ஆப்பிரிக்க நகத்தவளைகளின் வயிற்றைக் கீறி முட்டைகளை எடுப்பார், தைத்துவிட்டுத் தொட்டியில் விடுவார். கிருமி மண்டிய தண்ணீர். ஆனாலும் தையல் சீழ் பிடிக்காமல் ஆறியது. ஏன் என்று தோண்டியவர், தவளைத் தோலில் 23 அமினோ அமிலம் நீளமுள்ள பெப்டைடுகளை, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலிகளைக், கண்டுபிடித்து 1987-இல் வெளியிட்டார். அவற்றுக்கு மகைனின் என்று பெயர் வைத்தார். கேடயத்தைக் குறிக்கும் ஹீப்ரு சொல்லில் இருந்து வந்த பெயர் அது.

எங்களைப் போன்றவர்கள் அதைப் பார்த்துச் செயற்கையாகச் செய்கிறோம். பாக்டீரியாவின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகம். நம் செல்களின் வெளிப்பக்கத்தில் அது மிகக் குறைவு. ஆகவே நேர்மின்னூட்டம் உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் நான்கைந்து வைத்தால், பெப்டைடு பாக்டீரியாவைத் தேடிப் போய் ஒட்டும். கிருமியைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வுக்குள் நுழைய, கொழுப்போடு சேரும் லூசின், ட்ரிப்டோஃபான் போன்ற அமினோ அமிலங்கள் வேண்டும். பெப்டைடு சுருளாக வளையும்போது ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம் வரும். அந்தக் கணக்கில் மூன்று நான்கு இடம் தள்ளித் தள்ளி வைத்தால், லைசின்கள் ஒரு பக்கமும் லூசின்கள் மறுபக்கமும் சேர்ந்துகொள்ளும். காகிதத்தில் வட்டம் போட்டே பார்த்துவிடலாம்.

அப்படி நான் போட்ட ஆரம்பகாலப் பெப்டைடு ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. 96 குழித் தட்டில் மருந்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், ஈ.கோலை பாக்டீரியாவை ஊற்றி, இரவு முழுக்க இன்குபேட்டரில் வைத்தோம். காலையில் ரெசாசுரின் சாயம் விட்டோம். கிருமி உயிரோடு இருந்தால் நீலம் ரோஸ் ஆகும். கடைசி இரண்டு குழி தவிர எல்லாம் நீலம். அன்று லேபில் எல்லோருக்கும் என் செலவில் டீ.

மறுநாள் சிவப்பணு சோதனை. கழுவிய சிவப்பணுக்களோடு பெப்டைடைக் கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துச் சுழற்ற வேண்டும். செல்கள் உடையாமல் இருந்தால் அடியில் சிவப்புப் பொட்டு மாதிரி படிந்து, மேலே நீர் தெளிவாக நிற்கும். என் குழாய்களில் பொட்டே இல்லை; மேலிருந்து கீழ்வரை ரோஸ் சர்பத். தேனீ விஷத்தில் உள்ள மெலிட்டின் செய்கிற அதே வேலை. கிருமிக்கும் நமக்கும் வித்தியாசம் தெரியாத ஒன்றைச் செய்து வைத்திருந்தேன். அப்புறம் கொழுப்புப் பக்கத்தின் நடுவில் ஒரு லூசினை எடுத்துவிட்டு லைசின் வைத்தோம். சிவப்பணு உடைவது வெகுவாகக் குறைந்தது, கூடவே கிருமியைக் கொல்லும் வேகமும் கொஞ்சம் குறைந்தது. இந்த இழுபறிதான் எங்கள் பிழைப்பு.

எப்படிக் கொல்கிறது என்பது தனிச் சோதனை. புரோப்பிடியம் அயோடைடு என்ற சாயம் முழுசாக இருக்கும் செல்லுக்குள் போகாது. சவ்வில் ஓட்டை விழுந்தால் உள்ளே போய் டிஎன்ஏவில் ஒட்டிச் சிவப்பாக ஒளிரும். எல்லாப் பெப்டைடும் ஓட்டை போடுவதில்லை. பியூஃபோரின் என்ற பெப்டைடு சத்தமில்லாமல் உள்ளே புகுந்து டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும்.

புண் என்பது எங்கள் சோதனைத் தட்டு இல்லை. அங்கே உப்பு இருக்கிறது, பெப்டைடை இழுத்துக்கொள்ளும் சீரம் புரதங்கள் இருக்கின்றன, வெட்டித் தின்னும் நொதிகள் இருக்கின்றன. மகைனினைத் திருத்திச் செய்த பெக்சிகனான் என்ற களிம்பு, மாமாவுக்கு இருப்பது போன்ற சர்க்கரைப் புண்ணுக்கென்றே வந்தது. ஏற்கெனவே இருந்த மாத்திரையைவிட மேல் என்று காட்ட முடியாமல், 1999-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. 2016-இல் முடிவு வந்த மூன்றாம் கட்டச் சோதனைகளிலும் மருந்தில்லாத களிம்பை அது வெல்லவில்லை.

"இதுக்குக் கிருமி பழகவே பழகாது" என்பதும் அந்தச் செய்தியில் இருந்தது. அது தவறு. கடைசிக் கையிருப்பாக டாக்டர்கள் வைத்திருக்கும் கொலிஸ்டினும் பெப்டைடு வகைதான். அதை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணுவைச் சீனாவில் 2015-இல் கண்டார்கள். அது கிருமியின் மேற்பரப்பில் உள்ள எதிர்மின்னூட்டத்தையே குறைத்துவிடுகிறது. இறைச்சி, பாலுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டின் கொடுப்பதை இந்தியா 2019-இல் தடை செய்தது.

மாமாவுக்குப் போன் செய்தபோதுதான் தெரிந்தது, சீட்டில்லாமல் வாங்கிய ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்து அந்தப் பொடியைப் புண்ணில் தூவிக்கொண்டிருந்தார். மறுநாளே பாத சிகிச்சைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் தடித்த தோலையும் செத்த சதையையும் வெட்டியெடுத்து, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்க அடிச்சதையில் கொஞ்சம் கல்ச்சருக்கு அனுப்பினார். அந்த இடத்தில் பாரம் விழாதபடி எம்.சி.ஆர் என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு எழுதிக் கொடுத்தார் (மேலே சொன்ன மரபணுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). புண் இப்போது பாதியாகச் சுருங்கியிருக்கிறது.

"அப்ப அந்தத் தவளை?" என்று நேற்றும் கேட்டார்.

"இன்னும் ஃப்ரீசர்லதான் இருக்கு மாமா."